கூலியும் கூலியாளும்



திராட்சைத் தோட்டத்திற்கு ஆள் தேடிப் போன வீட்டெஜமானின் உவமையை அர்ச். மத்தேயுஸ் தமது சுவிசேஷத்தின் 20-ம் அதிகாரத்திலே எழுதி வைத்திருக்கிறார். மற்ற ஊர்க்காரர் இதைக் கேட்டால், திராட்சைத் தோட்டம் எப்படியிருக்கும் என்று மனதிலே எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமமில்லை. கூடலூர், சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பந்தல் நிழலிலே கொத்துக் கொத்தாய்க் கருந்திராட்சை தொங்குகிறது. 1832-ம் வருஷம் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை இது. கம்பம் பெயரோடு 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கவாத்து வெட்டுகிறவர்களும், கொடி கட்டுகிறவர்களும், பழம் அறுத்துப் பெட்டியில் அடுக்குகிறவர்களும் யார்? நம் பங்கு மக்களே. எஜமான்களும் நம்மிலே இருக்கிறார்கள். வேலையாட்களும் நம்மிலே இருக்கிறார்கள். ஆகையால் இந்த உவமை நம்மைப் பார்த்தே சொன்னது போலிருக்கிறது.

அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இன்று தியானிப்போம். அந்தச் சொல் 'கூலி'. சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆயினும் இது தமிழில் ஒன்றைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் வேறொன்றைக் குறிக்கிறது. அந்த வேற்றுமைக்குள்ளே எத்தனை ஏழைகளின் கண்ணீர் அடங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு நம் ஆண்டவர் வேலையாளை என்ன சொல்லி அழைத்தார் என்பதைக் கேட்போம்.

1. தமிழிலே கூலி

தமிழிலே கூலி என்பது வேலைக்குரிய பலன். நாள்கூலி, வண்டிக்கூலி, தையற்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்கிறோம். பொன்னுக்குக் கூட செய்கூலி உண்டு. இவை ஒன்றிலும் இழிவு இல்லை. விதி கைகொடுக்காவிட்டாலும் உடல் வருந்தி உழைத்தது வீண்போகாது என்று சொல்ல வந்த திருவள்ளுவர், அந்தப் பலனுக்கு இட்ட பெயரும் கூலிதான் (குறள் 619). பணம் கூலி, அதை வாங்குகிறவன் கூலியாள் அல்லது கூலிக்காரன். கூலி வேறு, ஆள் வேறு. நம் முன்னோர் இவ்விரண்டையும் தெளிவாய்ப் பிரித்து வைத்தார்கள்.

2. ஆங்கிலத்திலே கூலி

ஐரோப்பியர் வியாபாரத்திற்காக நம் தேசத்துக்கு வந்தபோது, சுமை தூக்கியவனையும் மண் வெட்டியவனையும் 'கூலி' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். இந்தச் சொல் நம் தமிழ்க் கூலியிலிருந்து போனதென்பர் சிலர். குஜராத்துப் பக்கத்துக் கோலி என்னும் குலத்தாரின் பெயரிலிருந்து வந்ததென்பர் சிலர். இரண்டும் கலந்ததென்பாரும் உண்டு. யூல், பர்னெல் என்னும் இரு ஆங்கிலேயர் 1886-ல் வெளியிட்ட பேர்போன அகராதியிலும் இவ்விரு வழிகளும் பேசப்படுகின்றன. எந்த வழியாய்ப் போனாலும் முடிவு ஒன்றே. தமிழன் பணத்துக்கு இட்ட பெயர், ஆங்கிலத்திலே மனிதனுக்குப் பெயராயிற்று. சீன தேசத்திலும் அந்தச் சொல் நுழைந்தது. அங்கே அதை எழுதிய இரண்டு எழுத்துக்களுக்கும் 'கசப்பான பலம்' என்று பொருள். எவ்வளவு உண்மை பாருங்கள்!

1834-ல் ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் அடிமைத்தனத்தை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! அதே வருஷத்தில் மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளின் பிரயாணம் தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 1860 நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். தகப்பனும் தாயும் ஆசையோடு இட்ட பெயர் பின்னுக்குப் போய், எண் முன்னுக்கு வந்தது. கங்காணிமாரை நம்பி இலங்கையின் மலைகளுக்குப் போனவர்கள் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1948-ல் அந்தத் தேசம் சுயாதீனம் அடைந்த கையோடு, அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்ல என்று சட்டம் தள்ளிவிட்டது.

1893-ல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றபோது, படித்த பாரிஸ்டரான அவரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அங்கே நம்மவரை ஏளனம் செய்ய இன்னொரு சொல்லும் இருந்தது: 'சாமி'. முத்துசாமி, இராமசாமி என்ற பெயர்களின் கடைசிப் பாகத்தை அறுத்தெடுத்து வசையாக்கினார்கள். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உமக்கு எஜமான் அல்லவே என்று நம்மவர் சிலர் பதில் சொன்னதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள் எஜமானிடம் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையிலே பிடித்துக்கொண்டு அவர்முன் வந்து நின்ற கதையும் அதிலே உண்டு. காந்தியடிகள் முதலாவது செய்தது என்ன? தலைப்பாகையைத் தலையிலே கட்டிக்கொள்ளச் சொன்னார். வழக்குப் பிறகு, மனிதனின் மானம் முதலில்.

தூரதேசத்துக் கதை என்று நினையாதிருங்கள். நம் பள்ளத்தாக்கின் கதையும் இதுவே. 1887-ல் தொடங்கி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையினால் நம் வயல்களிலே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பென்னிகுயிக் துரையின் பெயரை நன்றியோடு பிள்ளைகளுக்கு இடுகிறோம். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறோம். செய்யவேண்டியதுதான். ஆனால் அந்தக் காட்டிலே கல் சுமந்து, சுண்ணாம்பு குழைத்து, மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்நாளைய ஏடுகளுக்கு அவர்கள் கூலிகள். நாம் உண்ணும் சோற்றிலே பெயர் தெரியாத அவர்களின் வியர்வையும் இருக்கிறது.

இந்த ஆங்கில வழக்கம் ஆங்கிலேயரோடு போயிற்றா? போகவில்லை. நம் பத்திரங்களிலும் போலீஸ் தஸ்தாவேஜுகளிலும் 'தொழில்: கூலி' என்று எழுதுகிறார்கள். நெல் நடுவதும், ஏலக்காய் எடுப்பதும், கொடி கட்டுவதும் கைதேர்ந்த தொழில்கள் அல்லவா? அந்தத் தொழிலின் பெயரை எழுதாமல், வாங்கும் பணத்தின் பெயரை எழுதுவது ஏன்? பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்னவென்று கேட்டால் தலைகுனிகிற பிள்ளைகள் நம்மிலே இல்லையா? பிள்ளைகளே, கேளுங்கள். நாசரேத்து ஊரார் நம் ஆண்டவரை, 'தச்சன்தானே!' என்று ஏளனமாய்ப் பேசினார்கள். அவர் அதற்கு வெட்கப்படவில்லை. அர்ச். சூசையப்பரின் உளியைத் தம் திருக்கரத்தால் பிடித்தவர் அவர். அதை நினைத்தே பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1955-ல், மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

3. சுவிசேஷத்திலே கூலி

இப்போது உவமைக்கு வருவோம். எஜமான் விடியற்காலையில் போய், ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று பேசி ஆட்களை அமர்த்துகிறான். மறுபடியும் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளில் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் போகிறான். அங்கே சிலர் இன்னும் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, வேண்டாமென்று விடப்பட்டவர்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாய் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புக்காக இருட்டிலே எழுந்து, சோறு கட்டிக்கொண்டு வந்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள். வயதாகிவிட்டது, வேகமாய்ப் பழம் எடுக்கமாட்டாள் என்று விட்டுவிட்டுப் போனால், அந்தக் கிழவி கட்டிய சோற்றோடு வீடு திரும்புகிறாளே, அவள் பசி குறைந்த பசியா? எஜமான் கடைசியில் வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுத்தது அதனால்தான். அரை வயிற்றுக்கு அரைக்கூலி என்று அவன் கணக்குப் போடவில்லை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வந்தவன் முறுமுறுத்தபோது எஜமான் என்ன சொல்லி அழைத்தான்? 'அடே' என்றானா? 'கூலிக்காரப் பயலே' என்றானா? இல்லை, 'சிநேகிதனே' என்றான்! எதிர்த்துப் பேசிய வேலையாளுக்கே அந்த மரியாதை. ஆண்டவருடைய பாஷையில் கூலி என்பது மனிதனின் பெயரல்ல; மனிதனின் பெயர் சிநேகிதன்.

அந்தக் கூலியும் தர்மமல்ல, உரிமை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான் என்று நம் ஆண்டவர் சொன்னதை அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். பொழுது அஸ்தமிக்குமுன் ஏழையின் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்று மோயீசன் கட்டளையிட்டார். அவன் உயிர் அதை நம்பியிருக்கிறது என்று காரணமும் சொன்னார். தொபியாஸ் தம் மகனுக்குச் சொன்ன புத்திமதிகளில், வேலை செய்தவனின் கூலி ஓர் இராத்திரி கூட உன்னிடம் தங்கலாகாது என்பதும் ஒன்று. சீராக்கின் ஆகமமோ, கூலியை வஞ்சிக்கிறவன் இரத்தம் சிந்துகிறவன் என்கிறது. அறுப்பு அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்த கூலி ஆண்டவருடைய காதிலே கூக்குரலிடுகிறதாக அர்ச். இயாகப்பர் எச்சரிக்கிறார். அதனால்தான் ஞானோபதேசமும், மனதறிந்து செய்யும் கொலையோடு ஒரே வரிசையில், வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவமாக இதை எண்ணுகிறது. பதின்மூன்றாம் லியோ என்னும் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய நிருபத்தில் இதையே உலகத்துக்கு நினைப்பூட்டினார். 2025-ல் பாப்பரசரானவர் பதினான்காம் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்த நிருபத்தையே முக்கிய காரணமாய்ச் சொன்னார்.

4. நாம் செய்யவேண்டியது

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களே, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் இவற்றை உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, களையெடுத்தவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறேனா? சனிக்கிழமை தரவேண்டியதைச் செவ்வாய்க்கிழமை வா என்று அலையவிடுகிறேனா? ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று பிரிக்கிறேனா? சமவேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே நம் தேசத்தில் சட்டம் பிறந்துவிட்டதே! முன்பணம் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி ஆளைக் கட்டிப்போடுகிறேனா? என் தகப்பன் வயதிலிருப்பவரை 'அடே' என்று கூப்பிடுகிறேனா? என் வீட்டில் அவருக்கு மட்டும் வேறு டம்ளர் வைத்திருக்கிறேனா? அப்படியிருந்தால் ஒரே பந்தியில் நன்மை வாங்கியதற்கு என்ன அர்த்தம்? தோளிலே கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் வாசலில் நின்றால், 'அண்ணே, துண்டைத் தோளிலே போடுங்கள், உள்ளே வந்து உட்காருங்கள்' என்று சொல்லுங்கள். ஜீப்பிலும் வேனிலும் ஆட்களை ஏற்றி அனுப்புகிறவர்களே, நீங்கள் ஏற்றுவது மூட்டைகளை அல்ல. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தாயின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

உழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்கு மாரடிக்கிறான் என்று ஊரில் சொல்வார்கள். மனம் வைக்காமல் செய்யும் வேலைக்கு அந்தப் பெயர். அர்ச். அருளப்பர் சுவிசேஷத்திலே, ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டு ஓடிப்போகிற கூலிக்காரனை ஆண்டவர் கண்டிக்கிறார். கூலி வாங்கினான் என்பதற்காக அல்ல, ஆடுகளைப் பற்றிக் கவலையற்றிருந்தான் என்பதற்காக. மேற்பார்வை இல்லாத நேரத்திலும் உண்மையாய் வேலை செய்யுங்கள். வியர்வை சிந்தி வாங்கிய கூலியைச் சாராயக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போகாதிருங்கள். அந்தப் பணத்தில் உங்கள் பிள்ளையின் சோறும் புத்தகமும் இருக்கிறது. எஜமான் பிடித்தாலும், தகப்பன் குடித்தாலும், பிள்ளைக்குப் பசி ஒன்றுதான்.

முடிவாக ஒன்று சொல்லி நிறுத்துகிறோம். பாவத்துக்குக் கிடைக்கும் கூலி மரணம் என்று அர்ச். சின்னப்பர் எழுதுகிறார், நித்திய ஜீவியத்தையோ கூலி என்று சொல்லாமல், சர்வேசுரனுடைய கொடை என்கிறார். நம் புண்ணியத்துக்கு நாள்கூலி கணக்குப் பார்த்துக் கொடுத்தால், நம்மில் மோட்சம் சேருகிறவன் யார்? கடைசி மணி வேளையில் வந்தவனைப் போலத்தான் நாம் எல்லோரும் அவருடைய தயவை நம்பி நிற்கிறோம். அப்படித் தயவு பெற்ற நாம் பிறருடைய நியாயமான கூலியைப் பிடிக்கலாமா?

பங்குக்கோயில் பீரோவிலே ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. அதிலே தோட்டக்காரருக்கும் ஒரு வரி, தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கும் ஒரு வரி. ஒருவரையும் அதில் எண்ணாக எழுதவில்லை. கூலி என்றும் எழுதவில்லை. நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இந்த வாரம் உங்கள் வயலிலும் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்கிற ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். பொழுது சாயுமுன் அவர் கூலியை அவர் கையிலே கொடுங்கள்.

தொழிலாளரான அர்ச். சூசையப்பரே, எங்கள் எஜமான்களுக்கு நீதியையும், எங்கள் உழைப்பாளிகளுக்கு மானத்தையும் பெற்றுத்தாரும். ஆமென்.