சிரம்பான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அருள்

இறைவனின் அன்பைப் பெறத் தகுதி வேண்டுமா என்று தமிழ்ச் சமயங்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கின்றன. வடகலை வைணவர் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை எடுத்துக்காட்டினர். தென்கலையார் காட்டியது, தாயே வாயில் கவ்வித் தூக்கிச் செல்லும் பூனைக்குட்டியை. சைவ சித்தாந்தம் கதிரவனைக் காட்டும்: ஒளி எல்லா மொட்டின் மீதும் ஒன்றுபோல் படுகிறது, பக்குவப்பட்டது விரிகிறது. அருள் விலைக்குக் கிடைப்பதில்லை என்பதில் மட்டும் மூவருக்கும் பேதமில்லை.

விலையின்றிப் பெற்றதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம், துறவறவியலில் வருகிறது. தொடர்புடையவரிடம் தோன்றுவது அன்பு, தொடர்பே இல்லாத உயிர்மீதும் இயல்பாகச் செல்வது அருள் என்று உரைகாரர்கள் பிரித்தார்கள். அருள் துறவிகளுக்கு உரிய குணம் என்ற எண்ணம் இதனால் ஊன்றிவிட்டது. நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவர் வாழ்ந்த வாழ்க்கை அந்த எண்ணத்தை மாற்றிப் பார்க்க வைக்கிறது.

1887 செப்டம்பர் 8 அன்று திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். ‘அம்புரோசியா’ என்ற மருத்துவ இதழை நடத்தினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகே இருந்த தோட்டமொன்றின் ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் வந்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்டு, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டி வந்த காலம் அது. காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களில் மலேரியா பலரைக் கொண்டுபோனது. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வராதவருக்கு அன்றைய கூலி கிடையாது. அதனால் காய்ச்சலிலிருந்து பிழைத்தவருக்கும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் நாள் கடினமான நாள்தான். பால் வெட்ட உடம்பில் வலு இருக்காது, லயத்து வீட்டில் அரிசியும் இருக்காது. மலாயாவில் இருந்த காலத்தில் குப்புசாமி ஏழைகளிடம் கட்டணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார் என்றும், குணமாகிப் போகிறவர்களுக்குச் செலவுக்குத் தம் பணத்தையே கொடுத்தனுப்பினார் என்றும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். இதை வெறும் தாராள குணம் என்று கடந்து போவது சரியாகாது. மருந்து கொடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். மருந்து முடிந்த பிறகு தொடங்கும் பசியையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டாரே, உரைகாரர்கள் சொன்ன அருள் அதுதான்.

மலாயாவில் அவர் வைத்தியம் பார்த்த துறவி ஒருவர், சுவாமி சச்சிதானந்தர் எழுதிய ‘ஜீவ பிரம்ம ஐக்கிய வேதாந்த ரகசியம்’ என்ற நூலை அவருக்குக் கொடுத்தார். எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்பது அத்வைதம். அப்படியானால் கொடுப்பவர் மேல், வாங்குபவர் கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோயாளிக்குச் செய்வது உபகாரமாகாது, வழிபாடாகும். நூல் கைக்கு வருமுன்பே கை அந்த வழியில் பழகியிருந்தது.

பின்னர் ஜொகூர் பாருவில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1923இல் வேலையைத் துறந்து இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1 அன்று ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கொள்கை வரிசையில் தொண்டு முதலில் வருகிறது, தியானம் மிகவும் பின்னால். வரலாற்று நூல்கள் மலாயா ஆண்டுகளை ரிஷிகேசத்துக்கு முன்னுரையாகச் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. அந்தக் கொள்கை வரிசையின் பொருள் விளங்க வேண்டுமானால் சிரம்பானிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

1927இல் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, அதைக் கொண்டு சிவானந்தர் லட்சுமண் ஜூலாவில் ஓர் இலவச மருந்தகத்தைத் திறந்தார்.