சுவருக்குள் ஓர் ஒட்டு

பிரிட்டனில் பழைய ஃபியூஸ் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய கன்ஸ்யூமர் யூனிட் பொருத்தும்போது, பழைய கேபிள்களில் சில புதிய முனையங்களை எட்டுவதில்லை. 2016 முதல் அங்கே வீடுகளுக்குப் புதிதாகப் போடும் பெட்டி எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் இரும்புத் தகட்டுப் பெட்டிதான். அதன் அளவும் வேறு, முனையங்கள் இருக்கும் இடமும் வேறு. கேபிளோ சுவர்ப் பூச்சுக்குள் புதைந்திருக்கிறது, இழுத்தால் வராது. முழுக் கேபிளையும் மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் ஒட்டுப் போட்டு நீட்டிவிடுகிறார்கள்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த வேலையை ஒருவர் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பழைய கேள்வி இந்த ஒட்டில் வந்து நிற்கிறது. சுவருக்குள் வைத்துப் பூசி மூடியபின் நல்ல ஒட்டுக்கும் மோசமான ஒட்டுக்கும் வெளியே வேறுபாடு இல்லை. விளக்கு எரியும், அடுப்பு சூடாகும். 500 வோல்ட் கொடுத்துச் செய்யும் இன்சுலேஷன் சோதனை கம்பிகளுக்கிடையே கசிவு உண்டா என்று காட்டுமே தவிர, கம்பியின் பிடி இறுக்கமா என்று காட்டாது. தொடர்ச்சிச் சோதனையிலும் சிறு தளர்வு அன்றைக்குத் தப்பிவிடக்கூடும். பிறகு அது சூடேறியும் ஆறியும் மேலும் தளர்கிறது. அந்த இடத்தின் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், 30 ஆம்பியர் இழுக்கும் ஷவர் ஹீட்டர் ஓடும்போதெல்லாம் அந்த ஒரே புள்ளியில் 90 வாட் வெப்பம் பிறக்கும். பக்கத்தில் மரச்சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கோன் ஒரு கதை சொல்கிறான். ஆட்டிடையன் ஒருவனுக்கு, அணிந்தவரை மறைக்கும் மோதிரம் கிடைக்கிறது. அவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் நல்லவனும் அப்படித்தான் நடப்பான் என்பது கிளாக்கோன் முன்வைக்கும் வாதம். கட்டட வேலையில் பூச்சுக்கலவையே அந்த மோதிரம்.

கான்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் வரும் கடைக்காரர் குழந்தையிடமும் சரியான விலையே வாங்குகிறார். பெயர் கெட்டால் வியாபாரம் போய்விடும் என்பதற்காக அப்படிச் செய்தால் அதில் அற மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். ஆனால் கடைக்காரரின் ஏமாற்று என்றாவது வெளியே வரும். ஒட்டுப் போட்டவரோ அது சூடேறும் நாளில் ஊரிலேயே இல்லாமல் போகலாம். அவருக்கு முன்னால் நிற்கும் சோதனை கடைக்காரருடையதைவிடக் கடினமானது.

பிரிட்டனின் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671 இதை மனசாட்சியிடம் மட்டும் விட்டுவிடவில்லை. ஒவ்வோர் இணைப்பும் பார்க்கவும் சோதிக்கவும் பராமரிக்கவும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதாவது, மோதிரத்தையே கழற்றிவிடுவது. உரிய கருவியால் கிரிம்ப் செய்தவை, பற்றவைத்தவை, பராமரிப்பு தேவையில்லை என்ற தரக்குறி பெற்ற கனெக்டர்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு கிடைத்த அந்த இடத்தில் கம்பியை எவ்வளவு உரித்தார், எவ்வளவு இறுக்கினார் என்பது மறுபடியும் ஒரு தனிமனிதரின் கையில்தான். வடிவமைத்தவர், செய்தவர், சோதித்தவர் என்று வேலை முடிந்தபின் தரும் சான்றிதழில் வரும் மூன்று கையெழுத்தும் வீட்டு வேலைகளில் பெரும்பாலும் ஒருவருடையதே. வாய்மை பற்றிப் பேசும்போது வள்ளுவர் பொய்யனுக்குரிய தண்டனையை அவன் நெஞ்சிடமே ஒப்படைத்தார். இந்தச் சான்றிதழும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

அறத்தை ஒப்பந்தமாகப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கூலி கொடுத்த வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். இருபது ஆண்டு கழித்து அங்கே தூங்கப்போகிறவர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவரால் இந்தத் தொழிலாளிக்கு நன்மையும் இல்லை, கெடுதியும் இல்லை. கடமை என்பது கொடுக்கல் வாங்கலிலிருந்து மட்டும் பிறப்பதானால் அவருக்கு யாரும் கடன்படவில்லை என்றாகும். இது ஏற்கத்தக்கதல்ல. தீப்பிடித்தால் வேகப்போகிறவர் அவர்தானே.

தொழிலில் சிலர் பெட்டிக்குள்ளேயே ஒட்டுத் தெரிவதை அழகுக் குறைவாக நினைக்கிறார்கள். முறையாகப் போட்டால் அங்கே இருப்பதில் விதிப்படித் தவறில்லை; மூடியைத் திறப்பவர் உடனே பார்த்துச் சோதிக்கவும் முடியும். பெட்டிக்குள் இடமிருந்தும் அழகுக்காக அதைச் சுவருக்குள் தள்ளிப் பூசிவிடுகிறவர், ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடுத்து வருபவர் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பறிக்கிறார்.