தற்காப்பும் தன்னடக்கமும்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின்மேல் அமைந்துள்ளது கொடைக்கானல். 1984ஆம் ஆண்டில் தமிழக அரசு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை அங்கு நிறுவியது. பிற்பகலிலேயே மஞ்சு இறங்கிப் பாதையை மறைக்கும் நாட்கள் பல கொண்ட ஊர் அது. அத்தகைய ஊருக்கு மகளைக் கல்வி பயில அனுப்பும் பெற்றோர் உள்ளத்தில் ஒரு வினா எழும். அவள் தற்காப்புக் கலையும் பயில்வது தகுமா? கம்பும் கராத்தேயும் கற்ற கை நாளை வம்புக்கு நீளாதா? நாணத்தை அது குலைத்துவிடாதா?

வினா நியாயமானதே. ஆயினும் நாணம் என்பது அஞ்சி ஒடுங்குவதன்று. கி.பி. 625இல் உஹதுக் களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் காத்து வாளேந்தி நின்றோருள் நுஸைபா பின்த் கஅப் (ரலி) என்னும் பெண்மணியும் ஒருவர். அவரை நாணத்தில் குறைந்தவர் என எவரும் சொல்லத் துணியார். மகளிர் மட்டுமே கூடும் இடத்தில், ஆசிரியை ஒருவரிடம் பயில்வது நம் ஒழுக்க நெறிக்கும் இயைந்ததே.

இனி, வம்புக்கு நீளும் கை பற்றிய அச்சம். தாக்க வருபவனைத் தடுப்பது குறித்துச் சட்டமேதைகள் ‘ஸியால்’ என்னும் தனிப் பாடமே வகுத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூல்வழி ஷாஃபியீ மத்ஹபின் தீர்ப்பை அறிகிறோம். பொருளைக் காக்கப் போராடுவது கடமையன்று. கற்பைக் காக்கப் போராடுவது கடமை. அக்கடமைக்கும் அளவுண்டு. சொல்லாலோ கூக்குரலாலோ விலகுபவனை அடிக்கலாகாது. கையால் தடுக்க இயலுமெனில் கம்பை எடுக்கலாகாது. தப்பி ஓட வழியிருப்பின் ஓடுவதே முறை. இந்நாட்டுச் சட்டமும் இதற்கு நெருங்கியதே. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும், அதனிடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு ஓர் உரிமை. தேவைக்கு மிஞ்சிய தீங்கு அவ்வுரிமையுள் அடங்காது.

இவ்வளவைப் பேண யாரால் இயலும்? பயிலாதவர் பெரும்பாலும் அஞ்சி உறைந்துபோவர். அன்றேல் வெறிகொண்டு எல்லை கடப்பர். பயின்றவருக்கே இடையில் நிற்கும் ஆற்றல் வாய்க்கும். 1882இல் ஜப்பானில் கனோ ஜிகோரோ தோற்றுவித்த ஜூடோவில், மாணவர் பிறரை வீழ்த்துமுன் தாம் காயமின்றி வீழக் கற்கின்றனர். நம் சிலம்பத்திலும் காலடி தேறிய பின்னரே கம்பு வீச்சு. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனை அன்றி, சினத்தில் தன்னை அடக்குபவனையே வலியவன் என அண்ணலார் (ஸல்) அடையாளம் காட்டினார்கள். நல்ல ஆசானிடம் கற்கும் கலை அவ்வடக்கத்துக்கும் பயிற்சியாகும் என்பதே நம் துணிபு.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. மகள் தற்காப்புக் கற்றாள் என்பதால் குற்றத்தின் சுமை அவள் தோளுக்கு மாறிவிடாது. கற்றிருந்தும் தடுக்க இயலாது போனவளிடம், “ஏன் எதிர்க்கவில்லை?” என்று கேட்பது இரண்டாம் கொடுமை. கடமை என்பது இயன்ற அளவுக்கே. வலுக்கட்டாயத்துக்கு ஆளானவள்மீது பாவமில்லை என்பதில் சட்டமேதைகளிடையே வேறுபாடில்லை. அநீதி இழைக்கும் சகோதரனுக்கு நாம் செய்யும் உதவி, அவன் கையைப் பற்றித் தடுப்பதே என்பதும் நபிவழி. ஆதலின் மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தந்தை, மகனையும் அருகழைத்து, பெண்களிடத்துப் பார்வையையும் நாவையும் கையையும் அடக்கக் கற்பிப்பாராக. அக்கல்வி இல்லத்தில் நடவாதவரை, நம் பெண்மக்களின் காவலுக்கு நாம் செய்தது பாதியே.