தரமும் தவணையும்

குடிநீரில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்தபின், அந்த வரம்பை எட்டுவதற்கு நீர் வழங்கும் அமைப்புகளுக்குக் காலம் தரலாமா என்னும் கேள்வி பொறியாளர்களுக்கு உரியதுபோல் தோன்றினாலும், அடிப்படையில் அது அறம் சார்ந்தது. ஏனெனில் காலம் கேட்பது நிர்வாகம், அக்காலம் முழுவதும் அந்த நீரைக் குடிப்பது குழாயடியில் குடம் வைத்திருப்பவர்.

காலம் கேட்பதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணமும் நிலமும் வேண்டும். கெடுபிடியாகக் குழாயை மூடினால் மக்கள் அதைவிட மோசமான கிணற்றை நாடுவர். அமெரிக்கா 2001இல் ஆர்செனிக்கின் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தபோது, அதை எட்ட 2006 ஜனவரி வரை காலம் தந்தது; மிகச் சிறிய ஊர்களின் அமைப்புகள், உடல்நலத்துக்கு ஏற்கத்தகாத தீங்கு நேராது என்று காட்டினால், 2015 வரைகூட விலக்குப் பெற வழி வைத்தது. தளர்வு மிக நீண்டதுதான். ஆயினும் அதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரம், 2012ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், பல பொருள்களுக்கு இரண்டு வரம்புகளைத் தருகிறது: ஒன்று ஏற்கத்தக்கது, மற்றொன்று மாற்று நீராதாரம் இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளத்தக்கது. புளோரைடுக்கு இவை முறையே லிட்டருக்கு 1 மில்லிகிராமும் 1.5 மில்லிகிராமும் ஆகும். இரண்டாவது வரம்பு எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அத்தரம் கூறுவதில்லை. போதாக்குறைக்கு, நீர் வழங்கும் உள்ளாட்சிகளை அத்தரம் சட்டப்படி கட்டுப்படுத்துவதும் இல்லை. கெடு இல்லாத தவணை யாரையும் அவசரப்படுத்தாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதற்குச் சான்று. அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது, 2013இல்தான் அது செயலுக்கு வந்தது. நிலைத்த பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது; அவ்வயதில் மிகுதியான புளோரைடு சேர்ந்தால் படியும் கறை பிறகு நல்ல நீர் குடித்தாலும் போகாது. அரசுக்கோப்பில் ஐந்தாண்டு நீட்டிப்பு என்பது ஒரு வரி. குழந்தைக்கோ அதுவே பல் உருவாகும் பருவத்தின் பெரும்பகுதி.

திருச்சிராப்பள்ளியின் சிக்கல் இந்த வகையைச் சேர்ந்ததன்று. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிய, இவ்விரண்டுக்கும் இடையே தீவாகக் கிடக்கிறது திருவரங்கம். ஆற்று மணலுக்குள் பதித்த சேகரிப்புக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படும் நீரை மணலே பெரிதும் வடிகட்டிவிடுகிறது. ஆகவே இங்கே கேடு ஆற்றிலிருந்து வருவதைவிடத் தெருவிலிருந்து வரவே வாய்ப்பு மிகுதி. குறித்த நேரம் மட்டும் நீர் விடப்படும் ஊரில், விநியோகம் நின்றதும் குழாயின் அழுத்தம் தணிகிறது. அருகே சாக்கடை ஓடி, இணைப்பில் விரிசலும் இருந்தால், கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. திருச்சியின் உறையூர்ப் பகுதியில் 2025 ஏப்ரலில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குக் குடிநீரில் கலந்த கழிவுநீரே காரணம் என்று குடியிருப்போர் கூறினர். நிர்வாகத் தரப்பு அதை ஏற்கவில்லை. அத்தகைய வழக்கைத் தீர்க்க வல்லது எவருடைய சொல்லுமன்று, அன்றன்றைய சோதனைப் பதிவுதான். கடைக்கோடிக் குழாயில் பிடித்த நீரில் சில சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டு, குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக்கூடாது என்பதில் மேற்கண்ட தரம் எந்தத் தளர்வும் தருவதில்லை. அது சரியே, ஏனெனில் புளோரைடு ஆண்டுக்கணக்கில் செய்வதைக் கிருமி ஓரிரு நாளில் செய்துவிடும்.

காத்திருப்பின் சுமை எல்லோர்மீதும் ஒன்றுபோல் விழுவதும் இல்லை. வசதியுள்ள வீடு கேன் தண்ணீருக்கு மாறிவிடும். அந்தக் கேனை உணவுப் பாதுகாப்புச் சட்டமாவது கட்டுப்படுத்துகிறது. தெருக்குழாயை நம்பியிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, தாம் ஒரு தளர்வின்கீழ் வாழ்கிறோம் என்ற செய்திகூட அவரிடம் சொல்லப்படுவதில்லை. ஆகையால், மெல்லத் தீங்கு செய்யும் பொருள்களுக்கு முடிவு நாள் குறித்து, அதுவரை குழந்தைகளுக்கேனும் மாற்று நீர் கொடுத்து, வெளிப்படையாக அறிவித்து வழங்கும் அவகாசம் அறத்துக்கு ஒத்ததே. கழிவுநீர் கலக்கும் குழாய்க்கு அவகாசம் என்று ஒன்று கிடையாது. கலப்பு தெரிந்த அன்றே விநியோகத்தை நிறுத்தி லாரி நீர் அனுப்புவது உள்ளாட்சியின் கடமை. திருச்சி மாநகராட்சி தன் சோதனை முடிவுகளை வார்டு வாரியாக, வாரந்தோறும், மேல்நிலைத் தொட்டிகளின் சுவரிலேயே எழுதி வைக்கட்டும். அதற்கு எந்தத் தவணையும் தேவைப்படாது.