உழைச்செல்வானின் அறம்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்திற் பெரும்பாலான குறட்பாக்கள் உணவின் அளவையும் நோயின் காரணத்தையும் பற்றியன. இறுதிக் குறளோ மருத்துவம் என்பதன் எல்லையையே வரையறுக்க முற்படுகின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்தே நின்று அம்மருந்தைக் கொடுப்பவன் என்னும் நான்கு கூறுகளால் ஆயதே மருத்துவம் என்பது அதன் கருத்து. நான்காமவனை வள்ளுவர் உழைச்செல்வான் என்பர். உழை என்பது பக்கம். பக்கத்தே நிற்பவனை மருத்துவத்தின் புறத்தே நிறுத்தி, அவன் அன்பைப் பாராட்டிவிட்டுச் செல்லாமல், மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. உறுப்பு எனின் அதற்குத் தொழில் உண்டு. தொழில் உண்டெனின் பிழையும் உண்டு. ஆகவே நோயாளியின் அருகிருப்போர்க்கு உரிய அறம் யாது என்னும் வினா எழுகின்றது.

இவ்வினா எந்நோயிலும் எழக்கூடியதே. எனினும் புற்றுநோய்க்கான இரசாயன மருந்துச் சிகிச்சையில் எழுவது போல அத்துணைக் கூர்மையாகப் பிறிதொன்றில் எழுவதில்லை. அச்சிகிச்சையின் வரலாறே நஞ்சிலிருந்து தொடங்குகின்றது. முதலாம் உலகப் போரிற் பயன்பட்ட கடுகு வாயுவின் இனத்தைச் சார்ந்த நைதரசன் மஸ்ரட் என்னும் பொருள் 1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1948 இல் பொஸ்ரன் நகரில் சிட்னி ஃபாபர், குருதிப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்கு அமினோப்தெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களுட் பதின்மரிடம் தற்காலிகக் குணத்தைக் கண்டார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுகூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். கோயில் வீதிகளிலும் இடுகாடுகளிலும் ஒருங்கே பூக்கின்ற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்னும் இரு மருந்துகள் பெறப்பட்டமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

விரைந்து பிரியும் கலங்களை அழிப்பது இம்மருந்துகளுட் பலவற்றின் இயல்பு. புற்றுநோய்க் கலம் விரைந்து பிரிகின்றது. ஆயின் மயிர்க்காலின் கலமும், வாயினதும் குடலினதும் உட்படையின் கலமும், குருதியைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சையின் கலமும் அவ்வாறே பிரிகின்றன. பகைவனையும் உறவினனையும் மருந்து வேறுபிரித்து அறிவதில்லை. எனவே மயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, உண்டது நில்லாமல் வெளிவருகின்றது. பல சிகிச்சை முறைகளில் மருந்தேற்றிய பின் ஏழாம் நாள் தொடக்கம் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. அந்நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுமாயின், விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அந்த நள்ளிரவில் வைத்தியர் அருகில் இல்லை, தாதியும் இல்லை. வெப்பமானியைப் பார்ப்பவரும் வாகனம் தேடி ஓடுபவரும் வீட்டாரோ அயலாரோதான். அவர் அயர்ந்து உறங்கிவிட்டால் சிகிச்சை முழுவதும் வீணாகக்கூடும். மருத்துவத்தின் நான்காம் கூறு என வள்ளுவர் உரைத்தது உபசாரமன்று என்பது இங்கு விளங்கும்.

அருகிருப்பவரின் தொழில் இத்துடன் முடிவதாயின் அறப் பிரச்சினை எதுவுமில்லை. கவனமும் உழைப்பும் போதும். ஆனால் அவரிடம் நோயாளி எதிர்பார்ப்பதும், அவர் தம்மிடமே எதிர்பார்ப்பதும் இவற்றினும் மிகுதியானவை. துன்பத்தைத் தாமும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என அவர் விழைகின்றார். இது இயலுவதா? தாய் தன் மகனின் வாந்தியை ஏந்தலாம். வாந்தியெடுக்கும் வேதனையை ஏந்துதல் இயலாது. ஒருவர் உடலின் நோவு மற்றொருவர் உடலுக்கு மாறுவதில்லை. "உன் வேதனை எனக்குத் தெரியும்" என்னும் கூற்று எவ்வளவு பரிவுடன் சொல்லப்படினும் உண்மையன்று. நோயாளியும் அதனை அறிவார். இவ்வெல்லையை ஏற்காத அன்பு, நோயாளிக்கு மேலும் ஒரு பணியைச் சுமத்துகின்றது: கலங்கி நிற்பவரைத் தேற்றும் பணி.

எனினும் இதனால் அருகிருத்தல் பயனற்றதாகிவிடாது. இலண்டனில் 1967 ஆம் ஆண்டு சென் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ், இறப்பை அண்மித்த நோயாளரின் வேதனை உடல், உளம், சமூகம், ஆன்மா என்னும் நான்கினையும் தழுவிய முழு வேதனை எனக் கண்டார். இந்நான்கனுள் உடல் நோவு ஒன்றே முற்றிலும் ஒருவர்க்கே உரியது. தான் பிறர்க்குப் பாரமாயினேன் என்ற எண்ணமும், மயிரிழந்த தலையைக் கண்டு பிறர் முகந்திருப்புவர் என்ற கூச்சமும், பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்ற ஏக்கமும் மனிதர்க்கிடையே பிறப்பவை. மனிதர்க்கிடையே பிறந்தவை மனிதர்க்கிடையே தணியக்கூடியனவுமாகும். நோவைப் பகிர முடியாது. நோவினால் விளையும் தனிமையைப் பகிரலாம். அருகிருப்பவரின் அறம் இவ்வேறுபாட்டை உணர்வதிலே தொடங்குகின்றது.

அத்தனிமையை மிகுதியும் வளர்ப்பது பொய் என்பதே அடுத்துக் கருதவேண்டியது. 1961 இல் சிக்காகோ மருத்துவமனையொன்றில் நிகழ்ந்த ஆய்வில், வைத்தியர்களுள் ஏறத்தாழ 90 வீதத்தினர் புற்றுநோய் என்ற செய்தியை நோயாளிக்குக் கூறாமல் விடுவதையே விரும்பினர். 1979 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் அதே வினா மீண்டும் கேட்கப்பட்டபோது 97 வீதத்தினர் கூறுவதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. எம்மவரிடையேயோ செய்தி முதலில் மகனிடமோ கணவனிடமோ சொல்லப்படுவதும், "அவருக்குச் சொல்லவேண்டாம்" எனக் குடும்பத்தார் வைத்தியரை வேண்டுவதும் இன்னும் அருகிவிடவில்லை.

மறைப்போரின் வாதத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்து நோக்குதல் முறையாகும். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என வள்ளுவரே கூறியுள்ளார். அஞ்சியவன் மனமுடைந்து சாவதினும் அறியாதவன் அமைதியாக வாழ்வது நன்றன்றோ என்பது அவர்களது கேள்வி. ஆயின் வள்ளுவர் விதித்த நிபந்தனை கடுமையானது: நன்மை குற்றமற்றதாதல் வேண்டும். இச்சிகிச்சையில் அந்நிபந்தனை நிறைவேறுதல் அரிது. காரணம் தெரியாத துன்பத்தைப் பொறுத்தல் எளிதன்று. 'சிறு கட்டி' என்று சொல்லப்பட்டவர், தம்மை ஏன் இவ்வாறு வதைக்கின்றனர் என எண்ணிச் சிகிச்சையை இடையிலே கைவிடக்கூடும். மேலும், உதிரும் மயிரும் அடுத்த கட்டிலில் இருப்பவரின் பேச்சும் செய்தியை எவ்வாறேனும் உணர்த்திவிடும். அப்போது வீடு ஒரு நாடக மேடையாகின்றது. நோயாளி அறிந்தும் அறியாதவராக நடிக்கின்றார். உறவினர் அவர் அறிவதை அறிந்தும் நடிக்கின்றனர். அவரைக் காப்பதற்கென எழுப்பிய சுவர் அவரைத் தனியே அடைத்து வைக்கின்றது.

அங்ஙனமாயின் உண்மையை எவ்வாறேனும் உரைத்தே தீரவேண்டுமா? இவ்விடத்தில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக்கின் வரலாறு எளிய விடையைத் தடுத்து நிற்கின்றது. அவர் 1975 இல் மார்புப் புற்றுநோய்க்கு ஆளாகி, அறுவையையும் நீண்ட இரசாயனச் சிகிச்சையையும் கடந்து பிழைத்தார். 1978 இல் அவர் வெளியிட்ட நூல், நோயை நோயாளியின் குணக்கேட்டுக்கோ மனத்தளர்ச்சிக்கோ அடையாளமாக்கும் உருவகங்களை மறுத்தது. தெளிந்த அறிவையே போற்றிய அவர், 2004 இல் எலும்பு மச்சையைப் பற்றிய கொடிய நோய்க்கு உள்ளானபோது, தாம் இறக்கப்போவதைக் கேட்க விரும்பவில்லை. பிழைப்பதற்கு வழியுண்டு என்பதையே கேட்க விழைந்தார். மகன் டேவிட் றீஃப் அவ்விருப்பத்துக்கு இசைந்தார். மச்சை மாற்றுச் சிகிச்சையும் பயனளிக்காது அவ்வாண்டு டிசெம்பர் 28 ஆம் நாள் தாய் இறந்தார். அவருக்கு உரியவாறு விடைகொடுக்க முடியாமற் போன துயரையும் குற்றவுணர்வையும் மகன் 2008 இல் நூலாக எழுதினார்.

இம்மகன் செய்தது பிழையா? நமது வழக்கிலுள்ள மறைப்பிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகின்றது. இங்கு எதனை அறிவது, எதனை அறியாதிருப்பது என்பதைத் தீர்மானித்தவர் தாயே. அங்கே தீர்மானிப்போர் பிறர். ஆகவே உண்மை கூறலா மறைத்தலா என வினவுவது முற்றும் பொருந்தாது. யாருடைய விருப்பம் அளவுகோலாகின்றது என்பதே வினா. நோயாளி கேட்டதற்குப் பொய்யுரையாமையும், கேளாததைத் திணியாமையும், கேட்பதற்கான வாயிலை அடையாமையும் அருகிருப்பவரின் கடன் எனலாம். இக்கடனை ஆற்றியும் துயர் எஞ்சும் என்பதற்கு றீஃப் சான்று. அறத்தின்படி ஒழுகியவர்க்கும் மனநிறைவு கிட்டாமற் போகலாம். அதனால் அவ்வொழுக்கம் பிழையாகிவிடாது.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துள்ளார். பக்கத்தே நின்று மருந்து இயற்றுவோனுக்கு நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னவற்றை அவ்வண்ணமே செய்யும் திறன், அறிவு என்பன வேண்டும். அன்பு முதலில் நிற்கின்றது. ஆனால் தனித்து நிற்கவில்லை. அறிவோடு கூடாத அன்பு ஆட்சியாக மாறுதல் எளிது. "உன் நன்மைக்காகவே" எனக் கூறி உணவை விலக்குவதும், எவரோ சொன்ன வேரையும் இலையையும் வைத்தியர் அறியாது புகட்டுவதும், "மனத்தைத் திடப்படுத்தினால் நோய் ஓடிவிடும்" என்று சொல்லி நோய் முற்றியமைக்கு நோயாளியின் மனத்தையே குற்றவாளியாக்குவதும் இவ்வாட்சியின் வடிவங்கள். சிகிச்சையை நிறுத்தலாமா என்ற இறுதி வினாவில் இது மிகக் கொடியதாகின்றது; தம்மால் இழப்பைத் தாங்க இயலாமையை அன்பு எனப் பெயரிட்டு, நோயாளியின் உடலின் மேல் மேலும் ஒரு சுற்று மருந்தைச் சுமத்துவோர் உளர்.

நோயுற்றவனுக்கு அவ்வுரையாசிரியர் கூறும் இயல்புகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கன: தன் நோயின் நிலையை உணர்த்தலும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும். நோயாளி வெறுமனே பெறுபவர் அல்லர் என்பது இதனாற் பெறப்படும். தமக்கு நோவதை மறைக்காமற் சொல்வது அவர் அருகிருப்போர்க்குச் செய்யும் உதவி. உதவியைக் கூசாமல் ஏற்பதும் ஓர் ஈகையே. அது கொடுப்பவரின் கையறு நிலையைப் போக்குகின்றது. கணக்கெழுதித் திருப்பிச் செலுத்தும் கடனாக அதனை எண்ணும்போதே ஏற்பவர் தாழ்கின்றார். பிறந்த நாளிற் பிறர் கையிற் கிடந்த மனிதன் இடையில் மீண்டும் ஒருகால் பிறர் கையிற் கிடப்பதில் இழிவு யாதுமில்லை.

உழைச்செல்வான் என்ற சொல் ஆண்பாலாயினும், நடைமுறையில் அவ்விடத்தில் நிற்போர் பெரும்பாலும் தாயும் மனைவியும் மகளுமே. அவர்களும் களைப்பர், சிலவேளை சினப்பர், இது முடிந்தாற் போதும் என ஒருகணம் எண்ணிப் பின் அவ்வெண்ணத்துக்காக நாணுவர். அந்நாணம் தேவையற்றது. தேவைப்படுவது அவர்க்கும் ஓர் உழைச்செல்வான். நட்பின் இடம் இதுவே. ஒருவர் மருந்தேற்றும் நாளில் உடன் செல்லலாம். ஒருவர் சோறு சமைத்துக் கொடுக்கலாம். ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். இவ்வட்டம் உறவின் எல்லையோடு நிற்கவேண்டியதுமில்லை. தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கென 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள், தாம் முகமறியாத நோயாளரின் பக்கத்தே சென்றவர்களே.

மருந்து சிலரைக் குணப்படுத்தும், சிலரைக் குணப்படுத்தாது. வைத்தியரின் தொழில் அம்முடிவால் அளக்கப்படுதல் கூடும். அருகிருப்பவரின் தொழிலை அம்முடிவால் அளத்தல் தகாது. நள்ளிரவில் வெப்பமானியைப் பார்த்த விழிப்பும், கேட்ட கேள்விக்குப் பொய்யுரையாத துணிவும், தம் அச்சத்தை நோயாளியின் தலையிற் சுமத்தாத அடக்கமுமே அதற்கு அளவுகளாகும்.