பதினெட்டாம்படியின் அதிகார வரம்பு

அழகர்மலை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் நத்தத்தில் எவரும் யோசிக்க மாட்டார்கள். அழகருக்குத்தான். வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்துப்போன நான் பிராதில் அப்படி எழுத முடியாது. 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து அந்த மலையின் ஒரு பக்கம் எங்கள் நத்தம் வட்டம், மறுபக்கம் மதுரை மாவட்டம்.

நிலம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் தாவா போட வேண்டும். மாற்றிப் போட்டால் பிராது திரும்பி வரும். சொத்து இரண்டு கோர்ட்டுகளின் எல்லையிலும் கிடந்தால் எதில் வேண்டுமானாலும் போடலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-வது பிரிவு. எந்த எல்லைக்குள் வருகிறது என்பதே சந்தேகமானால் இருக்கிறது 18-வது பிரிவு. சந்தேகத்தை அப்படியே பதிவு செய்துவிட்டு கோர்ட்டு விசாரணையைத் தொடங்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் அந்தப் பிரிவின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அழகருக்குக் காவல் நிற்கும் கருப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. அழகர்கோவில் பதினெட்டாம்படியில் சிலை இல்லை, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. அதன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் எந்த மாவட்டத்துக்காரனாக இருந்தாலும் கட்டுப்பட்டாக வேண்டும். முத்திரைக் கட்டணம், வாய்தா, அப்பீல் எதுவும் இல்லை. 2004-ல் மதுரைக்கு ஹைகோர்ட்டு கிளை வருகிறவரை அப்பீலுக்கு மெட்ராஸ் ரயில் ஏறியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம்!

ஒரு காலத்தில் கோர்ட்டே இந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்து 1873 பிரமாணச் சட்டப்படி, ‘எதிராளி இன்ன கோயிலில் சத்தியம் பண்ணட்டும், நான் கட்டுப்படுகிறேன்’ என்று ஒரு கட்சிக்காரர் எழுதிக் கொடுக்கலாம். எதிராளி சத்தியம் பண்ணிவிட்டால் அவர் சொன்னதுதான் முடிவான ஆதாரம். கட்டுப்படுகிறேன் என்றவர் அப்புறம் வாய் திறக்க முடியாது. 1969-ல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது.

அந்தப் பழைய சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. சத்தியம் நீதிக்கும் நாகரிகத்துக்கும் விரோதமாக இருக்கக் கூடாது, மூன்றாம் மனுஷரைப் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. நம் ஊரில் கடைசியில் கேட்பதே அதைத்தானே?

மலையடிவாரத்தில் அண்ணன் தம்பி இருவருக்கு மாந்தோப்புப் பாதையில் தகராறு. வழக்கு எங்கள் வக்கீலிடம் வந்தது. “பதினெட்டாம்படியில் சத்தியம் பண்ணச் சொல்லுங்க, கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார் பெரியவர். தம்பி தயார். ஊர்க்காரர்களோடு போனார்கள், நானும் போனேன். சூடம் ஏற்றியதும் பெரியவர், “மக தலையில கை வச்சுச் சொல்லு” என்றார். பிள்ளைக்கு ஏழெட்டு வயசிருக்கும், தாவணிக்காரி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தம்பி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “என் தலையில சொல்றேன், என் கண்ணு அவியட்டும்கிறேன். அவ எதுக்கு?” சூடம் தானாக எரிந்து அணைந்தது. ‘பயந்துட்டான், அப்ப பொய்தான்’ என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது.

கருப்பை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் தகப்பன் பொய்யை மகளிடம் வசூலிக்கும் தெய்வத்தை என்னால் நம்ப முடியவில்லை. எல்லை இல்லாத நீதி என்கிறபோது நமக்குப் பெருமையாக இருக்கிறது. அது பிள்ளையின் தலைவரை போய்விடும் என்றால் அந்த இடத்தில் கல் நட்டு நிறுத்திய சட்டம்தான் தர்மத்துக்குக் கிட்டே நிற்கிறது. முன்வினை, குலசாபம் என்று பெரியவர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கும் தெரியும். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே அவற்றைச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டத்தின் பார்வையில் கோயில் தெய்வம் வழக்காடும் உரிமையுள்ள ஒரு நபர், ஆனால் எக்காலத்துக்கும் மைனர். அதன் சார்பில் ஒரு பெரியவர் நின்றால்தான் வழக்கு நடக்கும். அரிவாள் ஏந்தி மீசை முறுக்கும் சாமியை மைனர் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். ஆனால் 1755-ல் நடந்தது என்ன? கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் கோவில்குடிக் கோயிலைக் கொள்ளையிட்டு, விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு கம்பெனிப் படையோடு இந்த நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குத் திரும்பினான். கள்ளர்கள் ‘சாமி, சாமி’ என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவற்றை மீட்டார்கள். ஹெரானைக் கம்பெனியே ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையைப் பறித்தது. வானத்திலிருந்து இடி விழவில்லை. சாமிக்காக மனுஷர்கள் நின்றார்கள். சாமி பேரைச் சொல்லி நிற்கிறவன் எதைக் கேட்கிறான் என்பதுதான் எனக்குக் கேள்வி.

அண்ணன் தம்பி வழக்கில் கமிஷனர் வக்கீலும் சர்வேயரும் போய் அளந்தார்கள். பாதை தம்பி பக்கம்தான் இருந்தது. பெரியவர் இன்றும், “கோர்ட்டுல தோத்தேன், கருப்புகிட்ட ஜெயிச்சேன்” என்கிறார். தம்பியோ வருஷா வருஷம் பதினெட்டாம்படிக்குக் கிடா கொண்டுபோகிறார். கோபமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். “மக தலையைக் கேட்டது எங்க அண்ணன்தானேண்ணே, கருப்பு கேக்கலையே” என்றார்.