பாலைவனத்தில் நீர் விளையாட்டு: வீண்விரயம் எது?

நாற்புறமும் பாலைவனம். ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைக் கூட்டிப் பார்த்தாலும் நான்கு அங்குலம்தான் தேறும். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு நகரத்தை எழுப்பி, உயரமான சறுக்குகளையும் செயற்கை அலைக் குளங்களையும் கட்டி, பெரியவரும் சிறியவரும் தண்ணீரில் குதித்து விளையாடுகிறார்கள் என்றால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? "இது வீண்விரயமல்லாமல் வேறென்ன?" என்றுதான் தோன்றும். அப்படித் தீர்ப்புச் சொல்லுமுன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது வியாபாரிகளாகிய நமக்கு அழகு.

நான் சொல்லும் நகரம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ். மொஹாவி பாலைவனத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் 'புல்வெளிகள்' என்று பொருள். அங்கிருந்த ஊற்றுகளால் புல் செழித்ததால் வந்த பெயர் அது. அந்த ஊற்றுகள் 1962-ல் வற்றிவிட்டன. இன்று அந்நகரத்தின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றினுடையது. 1935-ல் கட்டி முடித்த ஹூவர் அணை, அவ்வாற்றை மறித்து மீட் ஏரியாகத் தேக்கி வைத்திருக்கிறது.

இனி பற்றுவரவைப் பார்ப்போம். வீடுகளிலும் ஹோட்டல்களிலும் குளிக்கவும் துவைக்கவும் பயன்பட்ட நீரை அங்கே பாழாக விட்டுவிடுவதில்லை. சுத்திகரித்துப் பெரும்பகுதியை ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பிய அளவுக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அது செலவல்ல, கைமாற்று. வெட்டவெளியில் மண்ணில் ஊற்றி வெயில் குடித்துவிட்ட நீரோ திரும்பாது, அதுதான் செலவு. ஒரு சதுர அடிப் புல்தரையைப் பச்சையாக வைத்திருக்க அங்கே ஆண்டுக்குச் சுமார் 275 லிட்டர் வேண்டும். விளையாட்டுப் பூங்காவிலோ ஒரே நீரையே வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். ஆவியாவதும் தெறித்துச் சிந்துவதும் நஷ்டம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளம் முழுவதும் நஷ்டமல்ல.

இதை உணர்ந்துதான் நெவாடா சட்டமன்றம் 2021-ல் ஒரு சட்டம் செய்தது. 2026 முடிந்தபின், லாஸ் வேகாஸ் பகுதியில் வெறும் அலங்காரத்துக்காக வளர்க்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அதன் சாரம். தனி வீடுகளுக்கு அது பொருந்தாது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் இருக்கும் புல்லுக்குத் தடை. பிள்ளைகள் ஓடியாடும் மைதானத்துப் புல்லுக்குத் தடையில்லை. எவ்வளவு நுட்பமான பாகுபாடு, பாருங்கள்! விளையாட்டை அவர்கள் குற்றமாக்கவில்லை. எவர் காலும் படாத பச்சையைத்தான் குற்றமாக்கினார்கள்.

உல்லாசம் என்றாலே வீண் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. அரிஸோனாவின் பள்ளத்தாக்கு நகரமான பீனிக்ஸில், 2023-ல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அதை அடுத்த டெம்பியில், கடலைக் காணாத ஜனங்களுக்கு அலையைக் காட்டிய 'பிக் சர்ப்' பூங்கா 1969-லேயே திறக்கப்பட்டது. அது இப்போது மூடப்பட்டுவிட்டது. வசதியுள்ளவன் தன் கொல்லையிலேயே குளம் வெட்டிக்கொள்வான். வசதியில்லாதவன் பிள்ளைக்கு அந்த வெயிலில் குளிர்ச்சி வேண்டாமா? நூறு குடும்பங்கள் கூடி அனுபவிக்கும் ஒரு குளம், நூறு கொல்லைகளில் வெட்டிய நூறு குளங்களைவிடச் சிக்கனமானதல்லவா? லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டி, புதிய வீட்டு நீச்சல் குளங்கள் 600 சதுர அடிக்கு மேற்படலாகாது என்று 2022-ல் வரம்பு கட்டியதும் இதனாற்றான்.

ஆயினும், தன் கணக்கு நேராக இருப்பது மட்டும் ஒருவனுக்குப் போதாது. பங்காளியின் கணக்கையும் பார்க்க வேண்டும். கொலராடோ ஆற்றுக்கு ஏழு மாநிலங்களும் மெக்சிகோ நாடும் பங்காளிகள். 1922-ல் மாநிலங்கள் உடன்படிக்கை செய்தபோது, உண்மையில் வரக்கூடியதைவிட அதிக நீர் வருமென்று எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். முதலுக்கு மிஞ்சி லாபம் பிரித்த கூட்டு வியாபாரம் எப்படி முடியும்? 2022 ஜூலையில் மீட் ஏரி, 1930-களில் முதன்முதலாக நிரம்பிய பிறகு கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஆறு கடலைச் சேர்வதேயில்லை. ஆற்றின் கடைக்கோடியில் இருப்பவனுக்கு வறண்ட மணல்தான் மிச்சம்.

எனவே, ஒரு செலவைக் கண்டதும் "ஆடம்பரம்" என்று வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். போனது திரும்புகிறதா? அதனால் மனிதர் எவராவது பயனடைகிறார்களா? பங்காளியின் உரிமைக்குக் குறைவு வருகிறதா? குழந்தைகளின் சிரிப்பில் சிந்திய நீர் நம் கண்ணை உறுத்துகிறது. யாரும் மிதிக்காத புல்லுக்கு ஓசையின்றி இறங்கிய நீர் உறுத்துவதில்லை. நம் வீட்டிலும் கடையிலும் அப்படி ஓசையின்றி இறங்குவது எது என்று ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டைப் பார்த்துக்கொள்வது நலம்.